தப்பாகச் சொல்ல ஒரு செயலி

நான் சேலை வாங்க வரவில்லை என்று காஞ்சிபுரத்தில் இறங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று பேரிடம் சொன்னேன். மூவரும் சேலை காட்டினார்கள்.

ஆட்டோக்காரரிடம் செவிலிமேடு என்றுதான் சொன்னேன். தலையாட்டிவிட்டு என்னை ஒரு பட்டுக் கடை வாசலில் இறக்கினார். எனக்குப் பட்டு வேண்டாம் என்றேன். புரிந்துகொண்டவர்போல இன்னொரு பட்டுக் கடைக்குக் கொண்டுபோனார். "சும்மா பாருங்க சார். பாக்கிறதுக்குக் காசா பணமா? நம்மளுக்குத் தெரிஞ்ச கடை" என்றார். மூன்றாவது கடையில் குளிர்பானம் கொடுத்தார்கள். குடித்துவிட்டேன். மலாய் நாட்டில், எங்கள் கிள்ளானிலும் டாக்சிக்காரர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். ஆனால் போகிற வழியில் மனைவிக்குத் துணி எடுக்கச் சொல்வதில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடம் கிள்ளானில் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்த்தேன். சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் வெளியே எடுப்பதுதான் அந்தத் தொழில். ஓய்வு பெற்ற பிறகு மேஜிக் வித்தைகளுக்குச் செயலி செய்கிறேன். பூட்டியிருப்பதுபோல் தெரியும் கைப்பேசி. நீங்கள் மனத்தில் நினைத்த சீட்டு, பூட்டைத் திறந்ததும் திரையில் இருக்கும். அந்த மாதிரி. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஏஐயிடம் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து சொல்வேன், அது எழுதிக் கொடுக்கும். நான் எதைச் சொன்னாலும் முதலில் "அருமையான யோசனை!" என்கிறது. இருபத்தாறு வருடத்தில் என் முதலாளி ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. அதனால் எனக்கும் அதற்கும் நன்றாக ஒத்துப்போய்விட்டது.

நான் செய்த ஒரு வித்தையின் காணொளியை, மேஜிக் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் பார்த்துவிட்டுத்தான் கோதண்டம் என்னைக் கூப்பிட்டார். காஞ்சிபுரத்துக்காரர், வயது ஐம்பது இருக்கும். இரண்டு மாதம் தொலைபேசியிலேயே செய்து பார்த்தோம். சரிவரவில்லை. நேரில் போய் ஒரு வாரம் இருந்து முடித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "போய்ட்டு வாங்க, வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும்" என்றாள் என் மனைவி பரமேஸ்வரி.

கோதண்டத்தின் வீடு செவிலிமேட்டில் புதிதாக வந்த தெருக்களில் ஒன்றில் இருந்தது. பாலாறு பக்கத்தில்தான் என்றார்கள். போய்ப் பார்த்தேன். மணல்தான் இருந்தது. வீட்டு முன்னறையில் அவர் மனைவி வசந்தா ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். மிஷினை நிறுத்தாமலே, "வாங்கண்ணா, உக்காருங்க. அவரு உங்களுக்கு ஒரு ரூபாக் காச மறைச்சுக் காட்டுவாரு. எடது கையில இருக்கும்" என்றார்.

கோதண்டம் ஒரு ரூபாய்க் காசை மறைத்துக் காட்டினார். இடது கையில்தான் இருந்தது.

"இதாண்ணா பிரச்சனை" என்றார் கோதண்டம். "வெளியூருக்குப் போனா நான் நல்ல மேஜிக் மேன். ரிசப்ஷன், ஸ்கூல் ஆண்டு விழா, எல்லாம் பண்ணிக்கினுதான் இருக்கறேன், இருபத்திரண்டு வருசமா. இந்த ஊர்ல மட்டும் நடக்காது. வேற ஊர்ல மூஞ்சியைப் பாப்பாங்க. இங்க விரலைப் பாப்பாங்க. அறுந்த இழைய விரலாலயே முறுக்கிச் சேக்கிற கூட்டம். போன வருசம் ஒரு ரிசப்ஷன்ல, தறி நெய்யிற ஒருத்தர் முன்வரிசையில இருந்து, 'தம்பி, சுண்டுவிரல் லேசா தளர்ந்து போச்சு பாரு'ன்னு சொல்றாரு. மைக்குல கேக்குது."

அதனால்தான் அவருக்கு விரலுக்கு வேலையில்லாத வித்தை வேண்டும். அதுவும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். பெரிய பட்டுக் கடை ஒன்றில் முகூர்த்தப் புடவைப் பிரிவில் ஒரு மூலை இருக்கிறது. பெண்கள் சேலை எடுக்கும் மூன்று மணி நேரமும் ஆண்கள் அந்த மூலையில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார்கள். அரை மணிக்கு ஒருமுறை "போலாமா?" என்று எட்டிப் பார்க்கிறார்கள். அது வியாபாரத்துக்கு நல்லதல்ல. அவர்களை உட்காரவைக்க ஓர் ஆள் வேண்டும் என்று முதலாளி நினைத்தார். வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணக் கூட்டத்தின் முன்னால் செய்து காட்டி, அவர்கள் சந்தோஷமாகப் போனால் கோதண்டத்துக்கு அங்கே நிரந்தர வேலை.

"இல்லன்னா?" என்று கேட்டேன்.

"இல்லன்னா காப்பி ஊத்தற மிஷின் வெக்கிறாராம். மூலையில ரெண்டுக்கும் இடமில்லையாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வசந்தா மிஷினை நிறுத்திவிட்டார். இப்போதெல்லாம் ரிசப்ஷனில் மேஜிக் வைப்பவர்கள் குறைந்துவிட்டதும், அவருக்கு மாதத்தில் பாதி நாள் வேலை இல்லாமல் போனதும் அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை கோதண்டம் எனக்குக் கோயில் இட்லி வாங்கிக் கொடுத்தார். மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, உயரமான மூங்கில் குடலையில் வேகவைத்து, வட்டமாக நறுக்கிக் கொடுக்கிறார்கள். ஒரு துண்டே ஒரு வேளைக்குப் போதும். நான் கிள்ளானில் காலையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் பசியாறுகிறவன். அதைச் சாப்பிட்டால் பத்து மணிக்கு மறுபடி பசிக்கும். இதைச் சாப்பிட்டால் மறுநாள் வரை யோசிக்க வேண்டியதில்லை.

பிறகு கடைக்குப் போனோம். வெள்ளை விரிப்பு போட்ட மேடையில் விற்பனையாளர் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விசிறிப் போட்டுக்கொண்டிருந்தார். எதிரில் ஒரு குடும்பம். நான் ஆண்கள் மூலையில் உட்கார்ந்து கவனித்தேன். எத்தனையோ சேலைகளைப் புரட்டி, கடைசியில் ஒன்றை எடுத்து, கரையைத் தடவி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது. இதே டிசைன்ல வேற கலர் இல்லியா?" என்றார் ஓர் அம்மா. அடுத்து வந்த குடும்பத்திலும் ஓர் அம்மா அதையே கேட்டார். மதியத்துக்குள் ஐந்தாறு முறை கேட்டுவிட்டேன்.

"எல்லாரும் கேப்பாங்களா?" என்று கோதண்டத்திடம் கேட்டேன்.

"எடுத்த பிறகு கேப்பாங்க. வேணும்னு இல்லண்ணா. கேக்காம எடுத்தா எடுத்த மாதிரி இருக்காது."

எங்கள் வித்தை இதுதான். கூட்டம் வந்து உட்கார்ந்ததும் கோதண்டம் தன் கைப்பேசியைப் பூட்டி, மாப்பிள்ளையின் தாய்மாமன் சட்டைப் பையில் போடுவார். "நீங்க எந்தப் புடவை எடுக்கப் போறீங்கன்னு இதுக்குள்ள இருக்குது மாமா, பத்திரமா வெச்சிக்கிங்க" என்பார். அவர்கள் சேலை எடுத்து முடித்ததும் மாமாவே திறந்து பார்க்க வேண்டும். உள்ளே ஒரு சேலைப் படம். அவர்கள் எடுத்த அதே உடல் நிறம், அதே கரை நிறம். ரகசியம், கோதண்டத்தின் கால்சட்டைப் பையில் இருக்கும் இரண்டாவது கைப்பேசி. அதன் திரை இருட்டாக இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கட்டங்கள் உண்டு. கட்டைவிரலால் உடல் நிறத்துக்கு ஒரு தட்டு, கரை நிறத்துக்கு ஒரு தட்டு. மாமாவின் பையில் இருக்கும் கைப்பேசிக்கு விஷயம் போய்விடும். மேஜிக் செய்பவர்கள் ரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது. இதைச் சொல்ல கோதண்டத்திடம் அனுமதி வாங்கிவிட்டேன். ஏன் கொடுத்தார் என்பது பின்னால் விளங்கும்.

முதல் சிக்கல் நிறத்தில் வந்தது. ஏஐ எனக்கு எட்டு நிறம் போட்டுக் கொடுத்திருந்தது. அதில் சிவப்பு ஒன்று. கோதண்டம் அதன்மேல் விரலை வைத்தார்.

"எந்தச் சிவப்பு?" என்றார்.

"சிவப்பு."

"அரக்கா, குங்குமமா, மாதுளையா, மிளகாப் பழமா? நாலையும் ஒண்ணுன்னு சொன்னா இந்த ஊர்ல கல்யாணமே நின்னுடும்ணா."

ஏஐயிடம் சொன்னேன். அருமையான யோசனை என்றது. நான்கு சிவப்புகளைக் காட்டியது. எனக்கு நான்கும் ஒன்றாகத் தெரிந்தன. வசந்தா தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்து, "இது அரக்கு இல்ல, செங்கல்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஜாக்கெட் வெட்டி மிஞ்சிய துணிகளை எடுத்து வந்து திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். பொழுது சாய்வதற்குள் பதினாறு நிறங்கள் தேறின. மாம்பழ மஞ்சளுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் இருப்பதாகவும், அதை விட்டுவிட்டால் வம்பு என்றும் வசந்தா சொன்னார். அதையும் சேர்த்தேன்.

வியாழக்கிழமை டவுன் பஸ்ஸில் ஒத்திகை பார்த்தோம். கோதண்டம் பின்சீட்டில், நான் முன்சீட்டில். ஏறுகிற பெண்களின் சேலை நிறத்தை அவர் பையில் தட்ட வேண்டும், என் கையிலிருக்கும் கைப்பேசியில் வர வேண்டும். நன்றாக வேலை செய்தது. நடுவில் சாமி புறப்பாடு ஒன்று குறுக்கே வந்து, நாதஸ்வரமும் குடையும் நகரும்வரை பஸ் நின்றுவிட்டது. யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. கண்டக்டர் இறங்கிப் போய்த் தீபாராதனை பார்த்துவிட்டு, விபூதியோடு ஏறினார். கிள்ளானில் பஸ் ஐந்து நிமிடம் நின்றால் நாங்கள் புகார் எண்ணைத் தேடுவோம். இங்கே சாமியை யாரிடம் போய்ப் புகார் செய்வது?

அந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. படத்துக்குக் கீழே நேரமும் காட்டினால் என்ன? "இன்று காலை 10.04" என்று போட்டால், கூட்டம் வருவதற்கு முன்பே எடுத்த படம் என்று நம்பிவிடுவார்கள். பஸ்ஸிலேயே ஏஐயிடம் சொன்னேன். "அருமையான யோசனை! இது வித்தையின் தாக்கத்தைப் பல மடங்கு உயர்த்தும்" என்றது. கோதண்டம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இதை இங்கே எழுதிவைப்பதற்குக் காரணம், அது என் யோசனை என்பதை நான் மறைக்கக் கூடாது என்பதுதான்.

வெள்ளிக்கிழமை பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்திலிருந்து ஒரு வேன் வந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் ஒரே வேனில். மாப்பிள்ளையின் அத்தைதான் தலைவர் என்பது படியேறும்போதே தெரிந்தது. அவர் முன்னால் வந்தார். மற்றவர்கள் அவருடைய கைப்பையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கல்யாணப் பெண் கடைசியில் வந்தது. மேடையில் உட்காருவதற்கு முன்பே அத்தை ஓர் அறிவிப்பு செய்தார்: "யாரும் வாயத் தொறந்து நல்லாருக்குதுன்னு சொல்லாதீங்க. சொன்னா நம்ம தலையில கட்டிடுவானுங்க."

என் ஆட்டோக்காரர் நினைவுக்கு வந்தார். அத்தையின் எச்சரிக்கை நியாயமாகத்தான் பட்டது. வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

கோதண்டம் வெள்ளைச் சட்டையில் வந்தார். தாய்மாமன் பையில் கைப்பேசியைப் போட்டார். மூன்று மணி நேரமும் ஆண்களை அசையவிடவில்லை. கயிறு, மோதிரம், ரப்பர் பேண்ட் என்று எதையோ செய்து கொண்டிருந்தார். அவர்கள் விவசாயிகள், விரலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர்கூட "போலாமா?" என்று எழுந்திருக்கவில்லை. முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

மேடையில் அத்தை கடைசியில் மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை என்று முடித்தார். வேறு கலர் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார்கள். சரி என்றார். கோதண்டத்தின் கட்டைவிரல் பைக்குள் இரண்டு முறை அசைந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

"மாமா, இப்ப போனைத் தொறங்க."

மாமா திறந்தார். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. கீழே, இன்று காலை 10.04.

மாமா "அடேயப்பா!" என்று எழுந்து நின்றேவிட்டார். ஆண்கள் கைதட்டினார்கள். கைப்பேசி கைமாறி மேடைக்குப் போனது. நான் பெருமையோடு அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. நேரத்தைப் பார்த்தார்.

"பத்து மணி" என்றார்.

"ஆமாம்மா" என்றார் கோதண்டம், இன்னும் சிரித்துக்கொண்டே.

"நாங்க வந்ததே பத்தரைக்கு."

"அதாம்மா மேஜிக்கு."

"இன்னா மேஜிக்கு? மூணு மணி நேரமா நாங்க எடுக்கறோம்னு நெனச்சிக்கினு இருக்கிறோம். நீங்க காலையிலயே இதத்தான் இவங்க தலையில கட்டணும்னு முடிவு பண்ணி, போட்டோ புடிச்சி வெச்சிக்கினு, அப்பால எங்களை உக்கார வெச்சிருக்கீங்க. அதான் வேற கலர் கேட்டா இல்லன்றீங்க." அத்தை எழுந்தார். "எழுந்திரிங்கபா எல்லாரும். இந்த ஊர்ல கடைக்கா பஞ்சம்?"

வேன் மொத்தமும் எழுந்தது. சற்று முன் கைதட்டிய மாமாவும் எழுந்து, செருப்பைத் தேடினார். விற்பனையாளர் கையில் பிடித்த சேலையோடு அப்படியே நின்றார். முதலாளி கல்லாவிலிருந்து இறங்கி வந்தார். அவர் கோதண்டத்தைப் பார்த்த பார்வையில் காப்பி மிஷின் தெரிந்தது.

திரையில் அந்த நேரத்தைப் போட்டவன் நான். கோதண்டத்தின் அருகில் போய், "ரகசியத்தைச் சொல்லிடுங்க. அவங்க எடுத்த பிறகுதான் தட்டினேன்னு சொல்லுங்க" என்று காதில் சொன்னேன். அவர் தலையசைத்து மறுத்தார். அந்தத் தலையசைப்பில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. வேலை போனாலும் அதைச் சொல்லமாட்டார் என்று புரிந்தது.

அத்தைக்கு முன்னால் போய்க் கைகூப்பினார். "அம்மா, காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைம்மா இது. மாம்பழக் கலரு எல்லாக் கல்யாணத்துலயும் எடுக்கறதுதான, அத வெச்சி ஒரு போடு போட்டேன். ரிசப்ஷன் புடவை இன்னும் எடுக்கல இல்ல? அதையும் எடுங்க. அதுக்கும் உள்ள ஒரு படம் இருக்குது. போன் பூட்டி மாமா கிட்டயே இருக்கட்டும். அதுவும் சரியா இருந்துச்சின்னா, நீங்க சொல்றது நெசம், நீங்க போலாம். தப்பா இருந்துச்சின்னா நான் ஒண்ணும் தெரியாதவன்னு ஒத்துக்கறேன்."

அத்தை யோசித்தார். சவால் என்றால் அவருக்குப் பிடிக்கும் என்று தெரிந்தது. உட்கார்ந்தார். இந்த முறை யாரும் ஊகிக்க முடியாதபடி எடுத்தார். பச்சையைக் கையில் எடுத்துக்கொண்டு போய், படக்கென்று நீலத்துக்குத் தாவி, அதையும் போட்டுவிட்டு, முதல்முறையாகக் கல்யாணப் பெண்ணின் பக்கம் திரும்பி, "நீ எடும்மா" என்றார். பெண் வாடாமல்லியை எடுத்தது. பொன்னிறக் கரை. அந்தப் பெண் முன்னமே அதைப் பார்த்துவைத்திருந்தது என்று நினைக்கிறேன். கை நேராக அதற்குத்தான் போனது.

கோதண்டத்தின் பையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் இரண்டு முறை அசைந்தது. முதல் தட்டு மேல் வரிசையில் விழுந்தது. வாடாமல்லி கீழ் வரிசை. அந்தக் கட்டங்களைப் போட்டவன் நான், எனக்குத் தெரியாதா? அவர் தெரிந்தே மாற்றித் தட்டினார்.

மாமா திறந்தார். கிளிப்பச்சை உடல், ஆரஞ்சுக் கரை.

அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "கிளிப்பச்சைக்கு ஆரஞ்சா! ஏன்பா, இதையா எங்க வீட்டு மருமகளுக்குக் கட்டுவோம்?" வேன் மொத்தமும் சிரித்தது. மாமா கோதண்டத்தின் முதுகில் தட்டி, "அடுத்த தபா நல்லா படிச்சிக்கினு வாப்பா" என்றார். கோதண்டம் தலையைச் சொறிந்துகொண்டு, "தோத்துட்டேம்மா" என்றார். அத்தைக்கு அப்படியொரு மகிழ்ச்சி. இரண்டு சேலையும் எடுத்து, மாமன் வீட்டாருக்கும் நான்கு எடுத்தார். போகும்போது கோதண்டத்தைக் கூப்பிட்டுக் கல்யாணப் பத்திரிகை கொடுத்தார்.

ஒரு மனிதன் எதைச் சரியாகச் செய்வதற்காக இருபத்திரண்டு வருடம் பழகினானோ, அதை ஒரு கூட்டத்தின் நடுவில் வேண்டுமென்றே தவறாகச் செய்துவிட்டுத் தலையைச் சொறிவதைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது.

வேன் போனதும் முதலாளி வந்தார். "நாளான்னைக்கு ஞாயித்துக்கெழமை வந்துடு. காப்பி மிஷின மாடியில வெச்சிக்கறேன்" என்றார். கோதண்டம் வாயைத் திறப்பதற்குள், "ஆனா ஒண்ணு. மொதல்ல சரியா வந்துச்சே, அது வேணாம். ரெண்டாவது தப்பா வந்துச்சு பாரு, டெய்லி அத மட்டும் பண்ணு. மேஜிக்காரனையே ஜெயிச்சிட்டோம்னு போறாங்க, பேரமே பேசல" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது கோதண்டம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். இறங்குவதற்கு முன், "தப்பா சொல்றதுக்கு மேஜிக் மேன் எதுக்குண்ணா?" என்றார். வீட்டில் வசந்தா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வீட்ல சும்மா தப்பா சொல்றத அங்க வேலையா சொல்லப் போறாரு, அவ்ளோதான" என்றார். பிறகு உள்ளே போய்ப் பாயசம் வைத்தார். அவருக்கும் வருத்தம் இருந்தது. சேமியா பாயசத்தில் சர்க்கரை போட மறந்திருந்தார். மூவரும் கடைசிச் சொட்டுவரை குடித்தோம்.

சனிக்கிழமை முழுவதும் தப்பாகச் சொல்லும் செயலி செய்தோம். இதில் உள்ள வேடிக்கையைக் கோதண்டம்தான் முதலில் கண்டுபிடித்தார். எதையாவது தட்டிவிட்டால் ஒரு நாளைக்குத் தற்செயலாகச் சரியாகிவிடும், வேன் எழுந்துவிடும். தவறாமல் தவறு சொல்ல வேண்டுமானால், சரியான விடை முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஆக, வித்தை அப்படியே இருக்கும். சரியான நிறத்தைத்தான் தட்ட வேண்டும். செயலிதான் அதைத் தெரிந்துகொண்டு வேறொன்றைக் காட்ட வேண்டும். இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. தப்பாக வரும் வித்தையின் ரகசியத்தை யாரும் தேடமாட்டார்கள் என்றுதான் எனக்கு எழுத அனுமதியும் கொடுத்தார்.

ஏஐக்குத்தான் புரியவில்லை. அருமையான யோசனை என்றது. எழுதிக் கொடுத்தது. ஓட்டிப் பார்த்தால் சரியான நிறத்தையே காட்டியது. ஏன் என்று கேட்டேன். "கணிப்பு தவறாக வந்த ஒரு பிழையைக் கவனித்தேன். திருத்திவிட்டேன்" என்றது. அது பிழையல்ல, அதுதான் வேண்டும் என்றேன். மன்னிப்புக் கேட்டது. அடுத்த முறையும் திருத்தியது. மதியச் சாப்பாடு வரை அது திருத்திக்கொண்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டும் இருந்தது. வத்தக்குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்து, கோதண்டம் சொல்லச் சொல்ல, முதலிலிருந்து முழுக் கதையையும் ஏஐயிடம் சொன்னேன்: கடை, அத்தை, வேன், காப்பி மிஷின். அதன் பிறகு சரியாக, அதாவது தவறாக, எழுதிக் கொடுத்தது.

முதல் சோதனையில் திரையில் கருப்புச் சேலை வந்தது. கோதண்டம் பதறிப்போய்க் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "கல்யாண வீட்டுக்குக் கருப்பா! தப்பா சொல்லலாம்ணா, அபசகுனமா சொல்லக் கூடாது." கருப்பை எடுத்தோம். வெள்ளையையும் எடுத்தோம். அடுத்த சோதனையில் மயில்கழுத்து நிறத்துக்கு மாதுளைக் கரை வந்தது. வசந்தா எட்டிப் பார்த்து, "ஐயோ, இது நல்லாருக்குதே. எடுத்தத வெச்சிட்டு இதக் காட்டுன்னுவாங்க. இன்னும் மூணு மணி நேரம் உக்காருவாங்க" என்றார். ஆக, தப்பு மங்கலமாகவும் இருக்க வேண்டும், பார்த்து யாரும் ஆசைப்படாததாகவும் இருக்க வேண்டும். வசந்தா தைத்த ஜாக்கெட்டுகளின் அனுபவத்தில் அப்படிப்பட்ட பன்னிரண்டு ஜோடிகளைச் சொன்னார். அவர் இவ்வளவு உற்சாகமாகப் பேசி அன்றுதான் பார்த்தேன். கிளிப்பச்சைக்கு ஆரஞ்சு பட்டியலில் முதலிடம். நேரம் காட்டுவதை நானே நீக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஊர் திரும்ப வேண்டும். போவதற்கு முன் கடைக்குப் போனேன். ஒரு வாரமாகச் சேலை வாங்க வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவன், மேடைக்கு முன்னால் உட்கார்ந்து பரமேஸ்வரிக்கு ஒரு சேலை எடுத்தேன். வெங்காயச் சருகு நிறம், அரக்குக் கரை. கோதண்டம் தன் மூலையிலிருந்து வந்து, எனக்கும் அதே வித்தையைச் செய்தார். பக்கத்தில் இருந்த பெரியவர் பையில் முன்பே போட்ட கைப்பேசி. திறந்தால் எலுமிச்சை மஞ்சளுக்கு ஊதாக் கரை. மூலையில் இருந்த ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். "பாவம்பா, ட்ரை பண்றாரு" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். கோதண்டம் தலையைச் சொறிந்தார். சேலையை அவரே மடித்து, அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். வாசல்வரை வந்தார். "எனக்கு ஒரே ஒரு தபா, யாராவது சரின்னு சொன்னாப் போதும்ணா. வேற ஒண்ணும் இல்ல" என்றார். ஆட்டோ வந்தது. நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கே போனது. கையில் பட்டுக்கடைப் பை இருந்தால் போதும்போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பரமேஸ்வரியிடம் கொடுத்தேன். பிரித்தாள். கரையைத் தடவினாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இதே டிசைன்ல வேற கலர் இல்லையா?"

சொல்லிக்கொண்டே முந்தானையை உதறினாள். உள்மடிப்பிலிருந்து ஒரு துண்டுத் தாள் விழுந்தது. நான் எடுத்தேன். பேனாவால் எழுதியிருந்தது:

"அண்ணி இப்ப சொன்னது: இதே டிசைன்ல வேற கலர் இல்லியா? — கோதண்டம்."

நான் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தேன். செயலி இல்லை, இரண்டாவது கைப்பேசி இல்லை, ஏஐ இல்லை. பிறகு அதைப் படமெடுத்து அவருக்கு அனுப்பி, கீழே "சரி" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினேன்.

"அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?" என்று பரமேஸ்வரி கேட்டாள். ரகசியத்தை வெளியே சொல்வது தொழில் தர்மம் அல்ல. நான் சொல்லவில்லை.